மூன்றாவது பொத்தான்

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்து
அண்டாக்கள் கோயிலுக்குத் திரும்பிப் போன மாலை
பிஸ்கட் டின்னைத் திறந்தோம்.
மேலே மின்கட்டண ரசீதுகள்,
நடுவே யாருடையதோ பல் எக்ஸ்ரே,
அடியில் தாத்தா.

கறுப்புக் கோட்டு.
பையிலிருந்து வளைந்து தொங்கும் கடிகாரச் சங்கிலி.
ஒரு கை, சுண்ணாம்புத் தூணின் மேல்.
பின்னால் திரையில் தீட்டிய ஏரி,
ஏரியில் இரண்டு அன்னம்;
ஒன்றுக்கு இன்னும் கழுத்து வரையவில்லை.
புரட்டினால் முத்திரை: கிரே ஸ்ட்ரீட், டர்பன்.
பெயர் இல்லை. தேதி இல்லை.

இருசப்பன் கோட்டு வைத்திருந்தார்,
மவுண்ட் எட்ஜ்கம் தோட்டத்துச் சர்தாரே
ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை மிஸ்டர் என்பான்:
இதுதான் எங்கள் வீட்டுப் புராணம்.
அந்தக் கோட்டு எங்கே என்று கேட்டால்
அப்பா உம்கேனி ஆற்றைக் கை காட்டுவார்.
வெள்ளம் கொண்டுபோனதாம்,
ஒரு தையல் மெஷினோடும் ஆறு கோழிகளோடும்.
(கோழிகள் வருஷத்துக்கு வருஷம் பெருகின.)

பிறகு டொங்காட்டில்,
அக்கா கோகிலத்தின் சம்பந்தி வீட்டில்,
மாலை போட்ட சட்டத்துக்குள் வேறொருவர்.
ஆளைத் தெரியாது. கோட்டைத் தெரியும்.
மூன்றாவது பொத்தான் இல்லை,
அந்த இடத்தில் அதே நூல்முடி.
"எங்க பாட்டனார் கோட்டு. பூச்சி அரிச்சிட்டுது."
தலையாட்டினேன்.
பாயசம் இன்னொரு கப் வாங்கிக்கொண்டேன்.

வெருலத்தில், ஒரு சாவு வீட்டுச் சுவரில், மூன்றாம் முறை.
அன்னத்துக்குக் கழுத்து வந்துவிட்டிருந்தது.
"தம்பிக்குக் கொடுத்தாரு.
கேப் டவுன் போன தம்பி திரும்பலை."

ஒரே கோட்டு.
ஆற்றோடு போனது, பூச்சிக்குப் போனது,
தம்பியோடு போனது.
அத்தனை காலமும்
ஸ்டூடியோவின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது,
அடுத்த தோளுக்காக.

கோகிக்குப் போன் செய்து சொன்னேன்.
"இரவல் சேலையை நம்பி..." என்று ஆரம்பித்தாள்.
முடிக்கவில்லை.
அப்பாவின் நாற்காலி எதிரே இருந்திருக்கும்.

அன்றிரவு மேசையில்
தாத்தாவின் படம், பக்கத்தில்
செல்போனில் பிடித்து வந்த மற்ற இருவர்.
ஒரு பொய்யைப் பிடித்துவிட்ட
கெட்டிக்காரனின் சந்தோஷம் கொஞ்சம் இருந்தது;
டீக்கு முன்னால் அது ஆறிவிட்டது.

டொங்காட்காரருக்குக் கோட்டுக் கை
விரல் கணுவரை மூடுகிறது.
வெருலத்துக்காரருக்கு
அளவெடுத்துத் தைத்த மாதிரி.
தாத்தாவுக்கு மட்டும்
மணிக்கட்டு தாண்டி, நாலு விரற்கடை,
கை தன் பாட்டுக்கு வெளியே நிற்கிறது.
கொட்டைப்பாக்கு போலப் புடைத்த எலும்பு.
அதன் கீழே கரும்புத் தோகை கிழித்த கோடுகள்,
ஸ்டூடியோக்காரர் பவுடர் அப்பியும் அடங்காதவை.

கோட்டு அவருடையதாக இருந்திருந்தால்
கைக்குத் தக்கபடி தைத்திருப்பார்கள்.
நான் எதையும் பார்த்திருக்க மாட்டேன்.

நாற்பது வருஷமாக
வெஸ்ட் ஸ்ட்ரீட் கடைகளில்
கை எட்டவில்லை என்று சட்டைகளைத்
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
கடைக்காரப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள்,
"இது யார்கிட்ட வாங்கின கை, அங்கிள்?"
அப்போது பதில் தெரியவில்லை.

மறுபடி போன் செய்தேன். மணி பதினொன்று.
"அக்கா, அளவு டேப் இருக்கா?"
"இந்த நேரத்துலயா?"
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
இழுப்பறை திறக்கும் சத்தம்,
கரண்டிகள் ஒதுங்கும் சத்தம்.
"எங்கேர்ந்து அளக்கணும்," என்றாள்,
"தோள்லேர்ந்தா, முழங்கைலேர்ந்தா?"