பிரதான பயிர்

படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கோடு.
"பிரதான பயிர் என்ன, அக்கா?"
விவசாயக் கந்தோர் நிரோஷினி மிஸ்
பேனாவைத் திறந்தபடி நிற்கிறாள்.
மவுசாக்கலைப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வருகிறது.
அவள் சப்பாத்தில் ஏற்கெனவே இரண்டு அட்டை.

ஏழு பேர்ச்சஸ். வீடு போக
நாலு மிச்சமென்று வையுங்கள்.
அதில் ஒரு மூலை கக்கூஸ் குழி,
அங்கேதான் மரத்தக்காளி
அப்படிச் சிவக்கிறது.

சேம்பு என்று எழுதச் சொல்லவா?
ராக்கம்மா பாத்தி முழுக்க உருளைக்கிழங்கு போட்டாள்,
ஒரே விதை, ஒரே நாளில் நட்டது.
ஆவணி மழையில்
மூன்று இரவில் கருகிச் சாய்ந்தது.
அந்த மாதம் இரண்டு வீட்டு அடுப்பிலும்
வெந்தது
வேலியோரம் யாரும் நடாத சேம்பு.

வல்லாரை என்னுடையதே அல்ல.
கீழ்க் கிராமத்துக் கருணாவதி
கொச்சிக்காய்க் கன்று கேட்டு வந்தபோது
வாழைமட்டையில் சுற்றிக் கொடுத்தது.
இப்போது கான் முழுக்க அதன் ராச்சியம்.
என் கன்றுதான் அவளிடம் பட்டுப்போனதாம்.

சௌசௌ எல்லைக்கல்லை மதிப்பதில்லை.
அடுத்த வீட்டுக் கூரையில் காய்த்து,
எங்களை ஒரு மாதம்
பேசாமல் இருக்க வைத்தது.

சிவனு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார்.
ஆறு நாளும் முதுகில் மருந்து டாங்கி.
பதினாலாம் நம்பர் மலையில்
தேயிலை தவிர எதுவும் தலை தூக்கக் கூடாது,
சம்பளமே அதற்குத்தான்.
இங்கே
படி இடுக்கில் மணத்தக்காளி முளைத்தால்
காலைத் தூக்கி வைத்துத் தாண்டுகிறார்.

ஒருநாள் சோற்றுப்பெட்டிக்குள்
வேர்மண்ணோடு ஒரு செடி கொண்டுவந்தார்.
"அடிக்கிற நேரம் கை வரல" என்றார்.
பெயர் தெரியாது.
கறிக்கு ஆகாது, மாலைக்கும் ஆகாது.
பூ, கடுகைவிடச் சிறிசு.
விடியலில் அதைச் சுற்றி
சின்னத் தேனீக்கள் இரைச்சலாய் இரைந்தன.
அந்த வருஷம்தான் எங்கள் பூசணி
முதல்தடவை பிஞ்சு பிடித்தது.
அதனால்தானா, எனக்குத் தெரியாது.

"ஒண்ணுதான் அக்கா. சிஸ்டம் ரெண்டு எடுக்காது.
போஞ்சி போட்டா விதை கிடைக்கும்."
போஞ்சி என்றே போடுங்கள் மிஸ்.
ஒரு பாத்தி இருக்கத்தான் செய்கிறது.

கையெழுத்து வாங்கிவிட்டுப் போனவள்
படலையருகில் அட்டையைப் பிடுங்கக் குனிந்தாள்.
நிமிரவில்லை.
"இந்தச் செடியில் ஒரு கிளை தருவீங்களா?
எங்க வீட்டிலும் பூசணி
பூத்துப் பூத்து உதிருது."

சிவனு
சோற்றுப்பெட்டியைத் தேடி
உள்ளே போகிறார்.