வாலில் ஒரு முடிச்சு

மூன்று நாளாய்ப் பசு பால் தரவில்லை.
கத்தி படாமல் ஒடித்த ரோவன் குச்சி இரண்டைக்
குறுக்கே வைத்துச் சிவப்பு நூலால் கட்டி
வாலில் முடிந்துவிட்டான் லாக்லன்.
பிறகு டாக்டருக்கும் போன் செய்தான்.

ஸ்கை தீவின் மழையோடு வந்தாள் மார்சலி,
தொண்டை கட்டிய குரலோடு.
வாலைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
மடியை அமுக்கிப் பார்த்தாள்,
ஊசி போட்டாள், பில் எழுதினாள்.

உறைபனிக்குப் பின் பறித்த பழம்,
கொதிக்க வைத்த கஷாயம்.
"விழுங்காதே, கொப்பளி."
அவள் துப்பிய வேகத்தில்
கோழி ஒன்று கூரைக்குத் தாவியது.

ஒரு பழத்தைத் தலைகீழாய்க் காட்டினான்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு,
அடியில் ஐந்து முனை நட்சத்திரம்.
"சூனியக்காரிக்கு இது ஆகாது."
"எனக்கு ஒன்றும் ஆகலையே" என்றாள்.
குரல் லேசாய்த் திறந்திருந்தது.

மறுநாள் வாளி நிறைந்தது.
மருந்து இறங்கிய பால்,
நான்கு நாள் விற்கக் கூடாது.
அத்தனையும் மரத்தடியில் ஊற்றினான்,
கடன் தீர்ப்பவன்போல.
பில்லுக்குப் பணம் தனியே போனது.

அவள் கார் இருக்கையின் அடியில்,
ஊசிப் பெட்டிக்கும் ஜாக்கிக்கும் நடுவே
அதே குச்சி, அதே முடிச்சு.
நூல் மட்டும்
காயம் தைக்கிற நூல்,
சிவப்பு மையில் தோய்த்தது.