பட்டியலில் பேர் இல்லை

பெருமாநல்லூரில் ராக்கியப்பனின் எம்பிராய்டரி பட்டறை.
பன்னிரண்டு ஊசித்தலைகளும் சும்மா நிற்கின்றன.
மயில் டிசைன் சிடிக்குள்,
சிடி டிரைவுக்குள்.
அப்படி ஒரு டிரைவே இல்லை
என்கிறது கம்ப்யூட்டர்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க."
எல்லாரும் சொல்வதுதான்.

பொத்தானை அழுத்தினேன்.
நாக்கை நீட்டியது, உள்ளிழுத்தது,
பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
மூச்சு இருக்கிறது.

போன தேர்தலில் பள்ளிக்கூட வாசலில்
எனக்கும் இதே கதை.
ஆள் நிற்கிறேன், கையில் அட்டை,
தாளைப் புரட்டிவிட்டு
"நீங்க இல்லீங்களே" என்றார்கள்.

டிரைவர் மென்பொருளை நீக்கி
மறுபடி ஏற்றினேன். ம்ஹூம்.
பயாஸிலும் இல்லை.
மூடியைக் கழற்றினால் பனியன் பஞ்சு,
ஒரு தலையணைக்குத் தேறும்.
ஊதியதும் தெரிந்தது:
டிரைவின் சிவப்பு வயர்
போன வாரம் வாங்கிய புது டிஸ்க்கின் முதுகில்.

"மாப்பிள்ளை மாட்டுனாருங்க..."
ராக்கியப்பன் தலையைச் சொறிந்தார்.

என் பையில் இன்னொரு வயர் இருந்தது, எழுபது ரூபாய்.
கர்ரென்று சுழன்று
இ டிரைவ் என்று எழுந்து வந்தது.
பன்னிரண்டு மயில்களுக்கும் ஒரே நேரத்தில்
கால் முளைக்கத் தொடங்கியது.

"பில்லுல போட, பேரு என்னங்க?"

பூவாத்தாள் என்றேன்.
பூ, வா, த், தா, ள்
என்று எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.