எந்தப் பத்தியில்

ஹெலிகாப்டர் இறங்கியது
ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் பந்தாடும் திடலில்.
அதற்கு முன்பே ஆடுகள் ஓடிவிட்டன,
பாடகர் குழுவில் பாதிப் பேரும்.
இரண்டாம் வாசகம் வாசித்துக்கொண்டிருந்த நான்
‘ஆகையால்’ என்ற சொல்லோடு நின்றேன்.
ஆகையாலுக்குப் பிறகு வருவதை
அன்று யாரும் கேட்கவில்லை.

இரண்டே நிமிடம் என்றார் போதகர் மகாங்கா.
இருபத்தாறு ஆனது.
கணக்குப் பார்ப்பது என் வேலை.
டைட்டா மலையடியில் இந்தச் சபைக்குப்
பதினொரு வருடமாக நான்தான் பொருளாளர்,
வகேஷோ, பெட்டியின் இரண்டாம் சாவி.

பிரசங்க மேடைமேல் அவர் கை வைத்தது
சந்தையில் மாட்டின் முதுகில் வைப்பதுபோல இருந்தது.
கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்.
உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பிறகு உறை.
ஐந்து லட்சம் ஷில்லிங்.
எல்லாம் புது நோட்டு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி,
எங்கள் பாடகர் குழுவைவிட ஒழுங்காக.
கூரைக்கு, என்றார். கர்த்தருக்கு, என்றார்.
மூன்றாவதாக ஒன்றை அவர் சொல்லவில்லை.
தேர்தலுக்குப் பதினாறு நாள் இருந்தது.

வெஸ்ட்ரியில் பேரேட்டைத் திறந்தேன்.
காணிக்கை, தசமபாகம், ஸ்தோத்திரக் காசு, ஏலம், கடன்.
காணிக்கையில் எழுது என்றார் மகாங்கா.
காணிக்கை போட்டவர்கள் போய்விடுவார்கள், ஐயா,
இவருடைய ஆள் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாரே.
ஏலத்தில் எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள்.
சிரித்தோம்.
சிரிப்பு பாதியில் நின்றது.

கடனில் எழுதினேன்.

அந்தப் பழைய கேள்வி எல்லாருக்கும் தெரியும்:
காசில் இருப்பது யாருடைய முகம்?
எங்கள் புது நாணயங்களில் மனித முகமே இல்லை.
பத்தில் சிங்கம். இருபதில் யானை.
யானை யாருடையது என்று
சாவோ காட்டின் ஓரத்தில் பயிர் வைப்பவளைக் கேளுங்கள்.
அது என் மக்காச்சோளத்தில் இறங்கிய இரவில்
நான் கல்லெடுத்தபோது
அரசாங்கத்தின் யானை.
நஷ்டஈடு கேட்டுப் படியேறிய காலையில்
கடவுளின் யானை.

கூரை வந்தது. நல்ல தகடு, குறை சொல்லமாட்டேன்.
முதல் மழையில் அதன்கீழ் நனையாமல் நின்று
நானும் பாடினேன், சத்தமாகவே.
அவர் ஜெயித்தார்.
என் ஓட்டு எங்கே போனது என்பது
எனக்கும் அந்த அட்டை மறைப்புக்கும் நடுவில்.

சிசல் தோட்டத்துக்கு அப்பால்
நாற்பது குடும்பங்களை அவருடைய ஆட்கள் விரட்டினார்கள்.
அந்த வாரம் மகாங்கா பொறுமையைப் பற்றிப் பேசினார்.
கெட்ட பிரசங்கம் என்று சொல்லமுடியாது,
கேட்டிருந்தால்தானே.
வெளியே அடைமழை.
கூரை பேசிக்கொண்டிருந்தது,
அவர் வாயசைத்தார்.

அன்று முதல் முட்டை விற்ற காசில்
மாதம் நூறு ஷில்லிங், ஒரு மார்ஜரின் டப்பாவில்.
கடன் அடைய
நானூற்றுப் பதினாறு வருடமும் எட்டு மாதமும் ஆகும்.
நித்திய ஜீவனை நம்புகிறவளுக்கு
இது பெரிய தவணை இல்லை.

ஐந்து வருடம் கழித்து மறுபடி ஹெலிகாப்டர்.
ஆடுகள் இந்தத் தடவை ஓடவில்லை,
தலையைக்கூடத் தூக்கவில்லை.
வாசலில் டப்பாவை நீட்டினேன்.
ஆறாயிரம். ரசீது வேண்டும் என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை, புகைப்படக்காரரைப் பார்த்தார்.
டப்பாவை வாங்கி
தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

ஏழை விதவை ஒருத்தி
தன் சேமிப்பையெல்லாம் தேர்தல் நிதிக்குத் தந்தாள்
என்று செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்தது.
என் கணவர்தான் வாசித்துக் காட்டினார்.

பேரேட்டில் கழித்து எழுதிவிட்டேன்:
மீதி நான்கு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம்.
இனி வேறு டப்பா தேடவேண்டும்,
மூடி இறுக்கமாக உள்ளதாக.