தாமதப் பதிவேடு

பெரம்பூர் பேருந்து நிலையத்தில்
நேரக் காப்பாளர் அறை என்பது
ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கம்பி வைத்த ஜன்னல்.
எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று
கோடு போட்ட நோட்டில் எழுதுகிறவள் நான்.
கடைசிக் கட்டம் காரணத்துக்கு.
டயர். டீசல். ஓட்டேரியில் முழங்கால் தண்ணீர்.
ஓட்டுநரின் மச்சினிக்கு வளைகாப்பு.
எதையாவது எழுதியாக வேண்டும்,
காலியாக விட்டால் மேலிருந்து கூப்பிடுவார்கள்.

வீட்டில் இன்னொரு கணக்கு.
அரிசிக்கடை கொடுத்த காலண்டரில்
ராகுகாலத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.
முப்பத்து நான்கு. ஐம்பத்தொன்று.
இருபத்தொன்பது, அந்த மாதம் மட்டும்
நானும் மற்றவர்களைப்போல் நடந்துகொண்டேன்.
பிறகு எழுபத்தெட்டு.

அந்த எழுபத்தெட்டில் நாற்பத்தைந்தாம் நாளே
தேவசகாயம் பால்கோவா வாங்கிவிட்டான்.
தெரிந்த கடை வேண்டாமென்று
புரசைவாக்கத்தில் நான்கு தெரு தள்ளிப் போய் வாங்கிய குச்சியில்
ஒரே கோடு.
மறுவாரம் இன்னொரு குச்சி.
அதிலும் ஒரே கோடு.
பால்கோவாவை நாங்கள் பேசாமல் தின்று தீர்த்தோம்.
எதிர்வீட்டுக் கஸ்தூரி எள்ளுருண்டை என்றாள்,
பப்பாளி என்றாள்,
"ஒழுங்கா வர்றதில்லையா?" என்று
மெட்ரோ தண்ணி லாரியைக் கேட்பதுபோல் கேட்டாள்.

ஒழுங்கு.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

ஸ்கேன் சென்டரில் டோக்கன் பதினேழு.
ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு
காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.
டாக்டர் ஷமீம் திரையைத் திருப்பிக் காட்டினார்:
ஓரமாக, வரிசையாய்க் கறுப்பு வட்டங்கள்,
விடியுமுன் ஷெட்டில் நிற்கும் வண்டிகள் மாதிரி.
எல்லாம் தயாராகத் தொடங்கியவை.
எதுவும் கிளம்பவில்லை.

"ரத்தம் வந்த நாள்லேர்ந்து முன்னாடி எண்ணிட்டே போறீங்க.
பின்னாலேர்ந்து எண்ணிப் பாருங்க" என்றார்.
"கருமுட்டை வெளிய வந்துட்டா, அதுக்கப்புறம்
ரெண்டு வாரம், கொஞ்சம் முன்னபின்ன.
அந்தப் பாதி பெரும்பாலும் மாறாது.
இழுக்கறதெல்லாம் முதல் பாதிதான்.
சில மாசம் முட்டை வராமலேயும் ரத்தம் வரும்,
அது வேற கணக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு சிரிக்கக் கூடாது.
இதைத்தானே பதினோரு வருடமாய் எழுதுகிறேன்.
காலை முதல் நடை, சாலையில் ஈ காக்கை இல்லை.
நாலு ஐம்பதுக்கு எடுத்தாலும் ஐந்தரைக்கு எடுத்தாலும்
பெசன்ட் நகருக்கு அதே ஐம்பது நிமிடம்.
அங்கே நிற்கிறவர்கள்
வண்டி ஊர்ந்து வந்ததாகத் திட்டுவார்கள்.
அது ஊரவில்லை.
இங்கே, இந்த ஜன்னலுக்கு முன்னால்,
கிளம்பாமல் நின்றது.
கிளம்பாமலே போனால் அதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம்:
நடை ரத்து.

மாத்திரை எழுதினார், தைராய்டு பார்க்கச் சொன்னார்,
தினமும் நடக்கச் சொன்னார்.
நானாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன்.
கண் விழித்ததும், ஒரு சொல் பேசுமுன், நாக்கின் அடியில்.
எண்ணூரில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து
"என்ன கோபம்?" என்பான் தேவசகாயம்.
ஒரு விரலை உயர்த்துவேன்,
சிக்னலில் நிற்பவன்போல் நிற்பான்.

நாற்பத்தாறாம் நாள்
கழிவறையில், இரு விரல்நுனிகளுக்கு நடுவே
வெள்ளைக்கரு போல் ஓர் இழை
அறுபடாமல் நீண்டது.
மாலையில் இடுப்பின் வலப்பக்கம் ஒரு சுருக்.
அடுத்தடுத்த காலைகளில்
எண் அரை டிகிரி ஏறி
இறங்காமல் அங்கேயே இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.
பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால்,
கிளம்பிய நாள் என்று எழுதித் தேதி போட்டேன்.
சேர்ந்த நாளுக்கு இடம் விட்டேன்.
சேரவில்லை என்றால் அதுவும் ஒரு செய்தி.
காரணம் என்ற கட்டத்தின் மேல் பென்சில் நின்றது.

வெளியே கண்டக்டர் வேம்புலி
பேருந்தின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டி
வண்டியைப் பின்னால் வாங்கிக்கொண்டிருந்தார்.
வா, வா,
இன்னும் வா.