பாதி

ஆகஸ்ட் முதல் ஞாயிறு சஹார் வந்தான்,
கையில் ஒரு வாளி.
தீர்ப்பில் எழுதாதது ஒன்று பாக்கி என்றான்:
வேலியோரத்து ஐரிஸ்.
உக்ரைனில் அதைச் சேவற்குஞ்சு என்பார்கள்.

ஒதார்க்கா மறுக்கவில்லை.
கவைமண்வெட்டியை ஊன்றி மிதித்தாள்.
இஞ்சிக் கொத்துபோல் பின்னி
ஒன்றையொன்று நெரித்துக் கிடந்தன கிழங்குகள்.
மூன்று வருடமாய் ஏன் பூக்கவில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.

கத்தியை வோட்காவில் துடைத்தாள்.
நடுக்கிழங்கு, பூத்து ஓய்ந்து பொக்காய்ப் போனது,
அதை இருவருமே கேட்கவில்லை.
ஓரத்துத் துண்டுகள்தான்:
விசிறி இலையைச் சாண் உயரத்துக்கு நறுக்கி,
வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் அப்பி,
உனக்கு ஏழு, எனக்கு ஏழு.
பதினைந்தாவது?
வாளியை இழுத்துக்கொண்டான். “நீயே வை.”

“ஆழமா நடாதே,” என்றாள் படலருகில்,
“கிழங்கு முதுகில வெயில் படணும்.
நீ எதையும் ஆழமாப் புதைக்கிற ஆள்.”

மே மாதம்
ஹோரோல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து
போனில் ஒரு படம் வந்தது:
ஊதா. ஒரே ஒரு பூ. எழுத்து எதுவுமில்லை.
அவள் தன் எட்டையும் போய்ப் பார்த்தாள்.
இலை, இலை, வெறும் இலை.
குத்தவைத்து விரலால் மண்ணை விலக்கினாள்.
இன்னும் விலக்கினாள்.