இருநூறு

காரைக்குடி சிதம்பரநாதன் கேட்டது
இருநூறு கிராம் உறைபனித் தேயிலை,
ஒரே ஒரு பொட்டலம்.
போய்ச் சேர்ந்தவை ஏழு.
"குடிக்கவா, திருப்பி அனுப்பவா?" என்று
படத்தோடு கேட்டிருந்தார்.
சாப்பாட்டு மேசைமேல் ஏழும்
ஃபோட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றன.

ஜனவரி. அரவேணுவில் இரவு இரண்டு டிகிரி.
போர்வைக்குள் லேப்டாப்பைத் திறந்து
பதிவுகளை வாசித்தேன்.
பணம் ஒரே முறைதான் வந்திருக்கிறது.
வந்ததென்ற செய்திதான்
ஏழு முறை கதவைத் தட்டியிருக்கிறது.

தப்பு என்னுடையது.
தட்டியவனை வாசலிலேயே நிற்கவைத்து
ரசீது எழுதி, கூரியருக்குச் சொல்லி,
இருப்பைக் குறைத்து, எஸ்எம்எஸ் அனுப்பி,
எல்லாம் முடிந்த பிறகுதான்
"கிடைத்தது" என்று சொல்லும்படி எழுதியிருந்தேன்.
அவன் பத்து எண்ணுவான்.
பதில் இல்லையென்றால்
இவளுக்குக் காது மந்தம் என்று
திரும்பவும் வருவான்.

காலையில் ஃபாக்டரிக்குப் போகும் வழியில்
இலை எடைக் கொட்டகை.
மாதம்மா சாக்கை இறக்கினாள்.
ஹாலன் எடை பார்த்தான்,
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்தான்,
அவள் முறைத்ததும் ஒன்றரை ஆக்கினான்,
சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.
அவள் போய்விட்டாள்.
வாட்டுவதும் உருட்டுவதும் நொதிக்கவிடுவதும்
இரவெல்லாம் உள்ளே நடக்கும்.
தூளாகும்வரை அவளை யார் நிற்கவைத்தார்கள்?

"என்னக்கா, தராசையே பாக்குறீங்க?"
"ஒரே சாக்கை ரெண்டு தடவை கொண்டுவந்தா?"
"சீட்டு நம்பர் இருக்குல்ல."

அவ்வளவுதான்.
முத்திரை நிஜமா என்று பார்.
எண்ணைப் பேரேட்டில் எழுது.
ஏற்கெனவே இருந்தால்
ஒன்றும் செய்யாதே,
மரியாதையாக அதே பதிலைச் சொல்:
இருநூறு.
கதவைச் சாத்து.
மீதியெல்லாம் பின்கட்டில்.
அங்கே தூங்காத ஒருவன்
ஒவ்வொன்றாய் எடுப்பான், தடுக்கினால்
கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுப்பான்.

நேற்று கட்டபெட்டில் கம்பம் சாய்ந்து
ஊரே இருண்டபோது
பதினாலு லேபிள்கள் வரிசையில் காத்திருந்தன.
கரண்ட் வந்ததும் பிரிண்டர் தானாகக் கக்கியது,
பதினாலு, பதினைந்து இல்லை.
நான் இரண்டு தடவை எண்ணினேன்.

சிதம்பரநாதன் மீதி ஆறுக்கும் பணம் அனுப்பிவிட்டார்.

இன்றைக்குப் புதிதாய் ஒன்று.
யாருக்கோ பணத்தைத் திருப்பியாயிற்று
என்ற செய்தி வந்திருக்கிறது.
அந்தப் பணம் வந்ததென்ற செய்தி
இன்னும் வரவில்லை.
அதை வரிசையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு
ஜன்னலைத் திறக்கிறேன்.
பனிமூட்டம்.
கீழ் வளைவில் ஹார்ன் கேட்கிறது.
லாரியைக் காணோம்.